பத்துக்கு மூன்று

"எப்பவும் பத்துக்கு ஆறு போடுதவ, அன்னைக்கு மட்டும் ஏன் மூணு போட்டேன்?"

ஜெசிந்தா இப்படிக் கேட்டபோது, அது நடந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூட பேஸ்கட்பால் அணி, மாவட்ட இறுதிப் போட்டி. ஒரே ஒரு பாயிண்டில் தோற்றார்கள். யாரும் மறிக்காமல் எறிய அவளுக்குக் கிடைத்த பத்து ஃப்ரீ த்ரோவில் ஏழு வெளியே போயிருந்தது.

கேட்டது செல்லக்கனியிடம். குரு என்றால் தாடியும் கமண்டலமும் இருக்கும் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். கனி அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பந்தைத் தொட்டதே கிடையாது. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதினாள். இப்போது கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள்.

"இன்னும் மூணு வாரத்துல, ஒரு ஞாயித்துக்கெழம, பழைய டீம் எல்லாம் அந்த கிரவுண்டுல கூடுதாவளாம். மரகதக்கா நாலு தடவ போன் பண்ணிட்டா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் வர? ஏன் தோத்தோம்னு எனக்கே தெரியலியே கனி."

மரகதக்காதான் அன்றைக்குக் கேப்டன். தோற்றதும் ஜெசிந்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அதன்பிறகு ஜெசிந்தா அவளைப் பார்க்கவே இல்லை.

கனி எழுந்தாள். உள்ளே போய் ஒரு பந்தும் ஒரு டப்பா சாக்பீஸும் எடுத்து வந்தாள்.

"கிரவுண்டுக்குப் போ. சுவத்துல பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் எழுது. பத்து பத்தா எறி. பத்துல எத்தன விழுதோ, அந்த நம்பருக்கு மேல ஒரு புள்ளி வை. நூறு புள்ளி ஆனதும் கூப்பிடு."

"நான் கேட்டதுக்கு இதுவா பதிலு?"

"வெயில் ஏறதுக்குள்ள கெளம்புட்டி."

மைதானம் அப்படியே இருந்தது. பலகையில் பெயிண்ட் உரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பயிற்சி முடிந்ததும் ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ எறிய வேண்டும். எறியாதவளுக்கு எலுமிச்சைத் தண்ணீர் கிடையாது. கனி பானைக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருப்பாள், பெரிய அதிகாரி மாதிரி.

ஜெசிந்தா கோட்டில் நின்று பந்தைத் தரையில் மூன்று தடவை தட்டினாள். கை தானாகத்தான் தட்டியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் பத்தில் ஐந்து விழுந்தது. ஒரு புள்ளி வைத்தாள்.

தினமும் காலையில் ஆறு தடவை, பத்துப் பத்தாக எறிந்தாள். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. சுவரில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. இருபதாம் நாள் நூறு ஆயிற்று. கனியை வரச் சொன்னாள்.

கனி சுவரை ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

"பத்து பக்கமா சரிவு அழகா இறங்குது. இந்தப் பக்கம் மலைய யாருட்டி வெட்டுனா?"

ஜெசிந்தா பந்தைத் தரையில் தட்டினாள்.

"நாலோட நின்னு போச்சு. மூணு எங்க? ரெண்டு எங்க?"

"அதெல்லாம் கை சரியில்லாத நேரம். காத்து வேற. அதக் கணக்குல சேக்கல."

"யாரு எறிஞ்சா?"

"நான்தான்."

கனி சாக்பீஸை நீட்டினாள்.

விட்டுப்போனவை ஒவ்வொன்றும் ஜெசிந்தாவுக்கு ஞாபகம் இருந்தது. ஏழு போட்டது என்றைக்கு என்று கேட்டால் முழிப்பாள், இதையெல்லாம் மறப்பாளா? மூன்றின் மேல் பதினாலு புள்ளி வைத்தாள். இரண்டின் மேல் ஐந்து. ஒன்றின் மேல் ஒன்று. வைக்க வைக்க இந்தப் பக்கமும் சரிவு இறங்கி, மலை முழுசாயிற்று.

ஒரு பந்துக்கு உள்ளே, வெளியே என்று இரண்டே கதி. அது பத்துப் பத்தாகச் சேர்ந்தால் ஈருறுப்புப் பரவல் என்றும், நிறையச் சேர்ந்து மணி போல எழும்பினால் இயல்நிலைப் பரவலை நெருங்குகிறது என்றும் கனி வகுப்பில் நடத்துவாள். இங்கே அதில் ஒரு வார்த்தை பேசவில்லை. பையிலிருந்து அட்டை கிழிந்த நோட்டு ஒன்றை எடுத்தாள்.

"இன்னும் வச்சிருக்கியா இத!"

"பயிற்சியோ மேட்சோ, நீ பத்து எறிஞ்சா நான் ஒரு புள்ளி வச்சிருக்கேன். பாரு."

பக்கம் முழுக்கப் பென்சில் புள்ளிகள். அதே மலை. ஆறில் உச்சி. சுவரில் ஐந்தில் நின்றது.

"வயசு ஒரு கட்டம் தள்ளி வச்சிருக்கு, அவ்வளவுதான்," என்றாள் கனி.

ஜெசிந்தாவின் விரல் நேரே மூன்றுக்குப் போயிற்று. அங்கே நாலு புள்ளி இருந்தது. நாலா? அவள் ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள்.

"இதுல அன்னைக்கு உள்ள புள்ளி எது?"

கனி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"தெரியலட்டி. எல்லாம் ஒரே பென்சில்ல வச்சது."

ஜெசிந்தா நோட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?"