ஆச்சி வீட்டு ஷவர் நட்டு

காரைக்குடி சிகப்பி ஆச்சி வீட்டுப் பழைய ஷவர் வால்வு ஒழுகியது. அதைப் பிடித்திருந்த நட்டு அரித்துப்போய் இறுகிவிட்டது. மூன்று நாள் ஸ்பானரோடு மல்லுக்கட்டிய இன்ஜினியர் பத்ரிநாதன், “சுவரை உடைச்சாத்தான் ஆகும்” என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்து ஜப்பான் ஓடு பதித்த சுவர். ஆச்சிக்குக் கண் கலங்கியது.

“உடைக்காம நான் மாத்துறேன் ஆச்சி” என்றாள் பிளம்பர் ஜெசிந்தா.

“என்னாலயே முடியல. நீ கழட்டிடுவியா?” என்று சிரித்தார் இன்ஜினியர்.

“நான் கழட்டப் போறதில்ல சார்.”

ரம்பப் பிளேடால் குழாயின் திருகு மரையைத் தொடாமல் நட்டை அறுத்து, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினாள். நட்டு பிளந்து விழுந்தது.

“நட்டை உடைச்சிட்டியே!” என்று கத்தினார் அவர்.

“குப்பைக்குப் போற நட்டு சார். இதைக் காப்பாத்தவா சுவரை உடைக்கச் சொன்னீங்க?”

புது வால்வும் புது நட்டும் ஏறின, ஒழுகல் நின்றது. இன்ஜினியர் வாசலில் செருப்பைத் தேடும்போது ஆச்சியின் குரல் கேட்டது. “மாடி பாத்ரூமையும் நீயே பாத்துரு ஆத்தா!”