இரண்டு விடைகள்

“சிஸ்டர், நீங்க போட்ட கணக்கை நான் எதுக்கு மறுபடியும் போடணும்?”

திலகவதி கேட்டாள். பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு செவிலியர் வேலைக்குத் திரும்பியவள். வார்டு பொறுப்பாளர் நசீமாவோ அவளைவிட வயதில் சின்னவள். ஆனால் இந்த வேலையில் அவள்தான் குரு.

“போடுங்கக்கா. என் விடையைப் பார்க்காமப் போடுங்க.”

நசீமா தன் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

கட்டிலில் தவில்காரர் மாசிலாமணி. காலில் ரத்தக்கட்டி. அது கரையும்வரை ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஹெப்பரின் மருந்து ஏற்ற வேண்டும். உடல் எடைக்குத் தகுந்த அளவு. கூடினால் ரத்தம் கசியும். குறைந்தால் கட்டி நுரையீரலுக்குப் போகலாம்.

திலகவதி தராசைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“எதுக்கும்மா? எண்பத்திரண்டு கிலோன்னு அப்பவே சொல்லிட்டேனே,” என்றார் அவர்.

“ஒரு நிமிஷம் ஏறி நில்லுங்கய்யா. நான் பிடிச்சுக்கறேன்.”

ஏறினார்.

அவள் கணக்குப் போட்டாள். நசீமா தன் தாளைத் திருப்பினாள்.

விடைகள் வேறு வேறாக இருந்தன.

திலகவதி தன் விடையை அடித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். அதே விடைதான் வந்தது.

“நான்தான் எங்கயோ தப்பு பண்றேன் சிஸ்டர். உங்களோடதையே வெச்சுக்கலாம்.”

“எடை என்ன போட்டீங்க?”

“அறுபத்திநாலு.”

“அவர் எண்பத்திரண்டுன்னாரே?”

“தராசு அறுபத்திநாலுங்குது.”

நசீமா தானே இன்னொரு முறை அவரை ஏற்றிப் பார்த்தாள். அறுபத்திநாலு.

மாசிலாமணி கூரையைப் பார்த்தார்.

அவர் மனைவி பொற்கொடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எண்பத்திரண்டு எங்க கல்யாணத்தப்போ இருந்த எடைங்க! இன்னும் அதையே சொல்லிட்டுத் திரியறாரு.”

“தவில் தூக்கறவன் அறுபத்திநாலுன்னா எவன் கச்சேரிக்குக் கூப்பிடுவான்?” என்றார் அவர்.

வார்டே சிரித்தது. நசீமாதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் தாளைக் கிழித்துப்போட்டாள். திலகவதியின் அளவை மருந்து பம்பில் வைத்தாள். இருவரும் சேர்ந்து இன்னொரு தடவை சரிபார்த்தார்கள். மருந்து சொட்டத் தொடங்கியது.

மாலையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ரத்தம் உறையும் நேரம் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. மாசிலாமணி கட்டில் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

திலகவதி நசீமாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“என்னைச் சோதிக்கத்தானே சிஸ்டர், வேணும்னே தப்பா போட்டீங்க?”

நசீமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லக்கா. சரின்னு நினைச்சுத்தான் போட்டேன்.”