ஒரு சாண் நாடா

பாளையங்கோட்டையில் வீடியோ டெக் பழுதுபார்க்கும் பிலோமினாவிடம் தொழில் கற்க வந்தவர்களில் மூத்தவர் சொரிமுத்து. குருவைவிடவும் மூத்தவர்.

ஒரு காலத்தில் தெற்கு மாவட்டங்கள் முழுக்க பீட்டா என்ற வகை வீடியோ டெக் விற்ற ஏஜென்ட் அவர். பீட்டாவின் கேசட் சின்னது. போட்டிக்கு வந்த வி.எச்.எஸ். கேசட் பெரியது. ஊர் பெரியதை வாங்கியது, சின்னது மண்ணைக் கவ்வியது. சொரிமுத்து அண்ணாச்சி மட்டும் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. கல்யாண வீட்டில் பெரிய கேசட் ஓடினால் பந்தியில் உட்காராமலே திரும்பிவிடுவார். அந்தக் கேசட்டைக் கையால் தொடாமலேதான் தொழிலும் கற்றுவந்தார். பிலோமினாவும் விட்டுவைத்திருந்தார்.

அன்று அவர் ஒரு சின்ன கேசட்டை மேசைமேல் வைத்தார்.

"என் வீட்டுக்காரி செண்பகம் இதுக்குள்ள இருக்கா, டீச்சர். அவ போன பொறவு போட்டுப் பாக்க தைரியம் வரல."

"இன்னைக்குப் பாப்போம்."

"அதுக்கு முன்னால ஒரு கேள்வி. எங்க பீட்டா படம்தான் துல்லியம். எல்லாருக்கும் தெரியும். நல்லது எதுக்கு டீச்சர் தோத்துது?"

பிலோமினா சின்ன கேசட்டைக் கையில் எடுத்தார். கேசட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"காப்பி எடுத்திருக்கீங்களா?"

"எதுல? அந்த எளவுலயா? செண்பகத்தை அதுல ஏத்துவேனா!"

"நாடா பூசணம் பிடிச்சுக் கிடக்கு. ஒரு தடவை ஓடுனாலே பெரிய விஷயம். பொறவு உதிர்ந்துரும்."

சொரிமுத்துவின் முகம் வெளுத்தது.

"ஆரம்பத்துல இத்துப்போயிருக்கு. அதை வெட்டிட்டு வேற நாடா ஒட்டணும். அலமாரியில பெரிய கேசட் இருக்கு, கழட்டுங்க."

"டீச்சர், அதையா?"

"கழட்டுங்க, அண்ணாச்சி."

கழற்றினார். இத்தனை வருஷம் ஏசிய பொருளின் உள்ளே அவர் எட்டிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிலோமினா அதிலிருந்து ஒரு சாண் நாடாவை வெட்டி, செண்பகத்தின் நாடாமேல் வைத்தார்.

விளிம்போடு விளிம்பு பொருந்தியது. ஒரு முடியளவுகூடக் கூடவில்லை, குறையவில்லை. அத்தனை சண்டைக்கும் நடுவே இரண்டு பெட்டிக்குள்ளும் ஓடியது ஒரே அகல நாடா. சொரிமுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரே அகலமா?" கோயிலுக்குள் பேசுகிறவர்போலக் குரல் இறங்கிவிட்டது.

"அப்பவும் இதே அகலம்தான்."

ஒட்டி முடித்து, பிலோமினா கடையிலிருந்த பீட்டா டெக்கில் கேசட்டைச் செருகினார். அதிலிருந்து ஒரு வயர் பெரிய கேசட் ஓடும் டெக்குக்குப் போனது. அதில் புதுக் கேசட் தயாராக இருந்தது.

"ஓட ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. ரெக்கார்டு பட்டனை நீங்க அமுக்குங்க."

சொரிமுத்துவின் விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. பிலோமினா அவசரப்படுத்தவில்லை. கடைசியில் சொரிமுத்து அமுக்கினார்.

முதலில் வெறும் புள்ளிகளும் இரைச்சலும். அது எதிரியின் ஒரு சாண் நாடா. அது தாண்டியதும் டி.வி.யில் ஒரு முற்றம், வெயில், கையில் கரண்டியோடு செண்பகம். சிரித்தாள்.

"மிஷினைப் பாத்தது போதும். என்னையப் பாருங்க. சோறு ஆறிப்போவுது."

சொரிமுத்து தன்னை அறியாமல் எழுந்து நின்றார். பழுப்பு நாடாவில் ஒட்டியிருந்த காந்தத் தூசியிலிருந்து செத்துப்போன மனுஷி சாப்பிடக் கூப்பிடுகிறாள். எத்தனையோ கேசட் பார்த்த பிலோமினாவுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

பீட்டா டெக் கிறீச்சிட்டு நின்றது. உள்ளே பழுப்புப் பொடி உதிர்ந்து கிடந்தது. சின்ன கேசட் இனி ஓடாது.

பிலோமினா பெரிய கேசட்டைப் பின்னோக்கிச் சுற்றிப் போட்டார். அதே முற்றம், அதே கரண்டி, அதே சிரிப்பு. வெயில் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"பெரிய கேசட்டுல படம் மங்கல்தான், அண்ணாச்சி. நிறுத்திரட்டுமா?"

சொரிமுத்து டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் உதட்டில் விரலை வைத்தார். செண்பகம் பேசிக்கொண்டிருந்தாள்.