பருப்பு வேகாத தண்ணீர்

குரு என்றால் வெண்தாடியும், சீடன் என்றால் அரும்பு மீசையும் இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. இங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்பது. பெயர் பொற்கொடி. சீடருக்கு நாற்பத்தேழு. பெயர் மாதப்பன், தலை பாதி நரைத்தாகிவிட்டது. இடம், மலையடிவார ஊர் ஒன்றில் மண்ணையும் கல்லையும் நீரையும் ஆராய்கிற அரசாங்க அலுவலகத்தின் பின்கட்டு ஆய்வுக்கூடம்.

மாதப்பன் இருபது வருடம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தவர். கல்லை நாக்கில் வைத்தே இன்ன பாறை என்று சொல்லிவிடுவார். முதுகு போனதும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பொற்கொடி முதல் ஆறு மாதம் அவருக்குப் பாட்டில் கழுவ மட்டுமே கற்றுக்கொடுத்தாள்.

"எந்தத் தண்ணியை எடுக்கறீங்களோ அந்தத் தண்ணியாலயே மூணு தடவை பாட்டிலைக் கழுவணும். அப்புறம்தான் நிரப்பணும்."

"சரிங்க மேடம்."

"கைப்பம்புல எடுத்த எடுப்பிலேயே பிடிக்கக் கூடாது. பத்து நிமிஷம் அடிச்சுக் கொட்டிட்டு, மீட்டர்ல எண் மாறாம நின்ன பிறகு பிடிக்கணும்."

"சரிங்க மேடம்."

சொன்னதை அப்படியே செய்தார். கை சுத்தம். மாவட்டத்திலேயே மாதப்பன் கொண்டுவரும் தண்ணீர்ப் பாட்டிலைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று பேர். அந்தப் பேர் மேல் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. இல்லை என்று சொன்னால் பாவம்.

ஒரு புதன்கிழமை மதியம், ஒட்டப்பாறையிலிருந்து கெம்பம்மா என்ற பெண் இரண்டு பஸ் மாறி வந்து நின்றாள். கையில் ஒரு கூல்டிரிங்க் பாட்டில் நிறையத் தண்ணீர்.

"இதைக் கொஞ்சம் சோதிச்சுக் குடுங்க சார்."

மாதப்பன் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. "வெளியாளுங்க கொண்டு வர்றதை எடுக்க மாட்டோம்மா. கழுவின பாட்டிலா? சீல் இருக்கா? நம்பர் இருக்கா?"

"எங்க ஊருத் தண்ணிதாங்க சார்."

"ஒட்டப்பாறையா? அங்க நானே மூணு வருஷமா வந்து எடுக்கறேன். பல்லைக் கறையாக்கற ஃப்ளோரைடு லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம். உங்க ஊர் பம்புல பூஜ்யம் புள்ளி ஏழு. பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கில்ல? நல்ல தண்ணிம்மா அது."

"அதனாலதாங்க ஆத்துத் தண்ணிக் குழாய் பட்டியல்ல எங்க ஊரு பேரை எடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமையோட பட்டியலை மூடறாங்களாம்." கெம்பம்மா மூச்சு வாங்கினாள். "எம் பெரிய பொண்ணு பதினாலு வயசு. பல்லெல்லாம் செம்மண் பூசின மாதிரி ஆயிடுச்சு. சிரிச்சா துப்பட்டாவை வாயில வெச்சுக்கறா. அவளுக்குப் போனது போச்சு சார். சின்னவளுக்கு நாலு வயசு. இன்னும் ஒரு பால் பல்லும் விழல."

"ஒழுங்காப் பல்லு விளக்கச் சொல்லுங்கம்மா."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார்.  அந்தம்மா கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு, பாட்டிலை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

பொற்கொடி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மாதப்பனுக்கு உட்கார முடியவில்லை. ரெண்டு தடவை எழுந்தார், ரெண்டு தடவை உட்கார்ந்தார். கடைசியில் கேட்டே விட்டார்.

"மேடம், நான் எடுத்த விதம் சரி. எண் சரி. சட்டமும் சரி. அப்புறம் ஏன் மேடம் அந்தம்மா அழுதுட்டுப் போறாங்க?"

பொற்கொடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எதிர்க்கடையில கால் கிலோ துவரம் பருப்பு வாங்கிட்டு வாங்க."

"பருப்பா?"

"துவரம் பருப்பு."

கேள்வி கேட்டவன் பருப்பு வாங்கப் போவது எந்த ஊர் நியாயமோ! முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கி வந்தார்.

அவள் அலமாரியிலிருந்து ஒட்டப்பாறை கேனை எடுத்தாள். போன மாதம் மாதப்பன் பிடித்து வந்த தண்ணீரில் மிச்சம். ஒரு கண்ணாடிக் குவளையில் அதை ஊற்றினாள். இன்னொரு குவளையில் கெம்பம்மாவின் கூல்டிரிங்க் பாட்டில் தண்ணீர். இரண்டிலும் ஒரு பிடி பருப்பு. இரண்டையும் ஹீட்டர் மேல் வைத்தாள்.

"பாத்துட்டே இருங்க," என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

மூன்று மணிக்கு ஆய்வுக்கூடம் முழுக்கப் பருப்பு வாசம். ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்து, "ரசமா சாம்பாரா?" என்று கேட்டுவிட்டுப் போனான். கெம்பம்மாவின் குவளையில் பருப்பு குழைந்து வெண்ணெயாகிவிட்டது. மாதப்பனின் குவளையில் ஒவ்வொரு பருப்பும் முழுசாக, விறைப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்டியால் நசுக்கிப் பார்த்தார். கல்லு.

"சுண்ணாம்பு ஜாஸ்தி," என்றார் தனக்குள். பிறகு சத்தமாக, "மேடம், இது ரெண்டும் ஒரே தண்ணி இல்ல!"

"இந்த ரெண்டுல உங்க வீட்டுல எதுல சமைப்பாங்க?"

மாதப்பன் கெம்பம்மாவின் குவளையைப் பார்த்தார். இருபது வருடம் கல்லோடு கிடந்தவருக்கு மிச்சத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பக்கத்துப் பாறையில் ஃப்ளோரைடு எங்கும்தான் இருக்கிறது. தண்ணீரில் சுண்ணாம்பு நிறைய இருந்தால் அதைக் கரைய விடாது. சுண்ணாம்பு இல்லாமல் தித்திப்பாக, சோறு வெள்ளையாக வடிகிற தண்ணீராக இருந்தால் அது ஃப்ளோரைடைக் கரைத்துக்கொண்டு வரும். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மூன்று வருடமாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

"நாளைக்குக் காலையில ஜீப் எடுக்கச் சொல்லுங்க," என்றாள் பொற்கொடி.

வியாழக்கிழமை ஒட்டப்பாறை. பச்சை பெயிண்ட் அடித்த கைப்பம்பு ஊர் முகப்பிலேயே நின்றது. பக்கத்தில் துவைக்கிற கல். ஒரு எருமை பம்பின் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. குடம் ஒன்றுகூட இல்லை.

"இந்தப் பம்பைப் பத்திப் போன தடவை என்ன எழுதினீங்க?" என்று கேட்டாள் பொற்கொடி.

மாதப்பன் நோட்டைப் புரட்டினார். அவருடைய அழகான கையெழுத்து. "'கைப்பிடியில் தேய்மானம் இல்லை. பராமரிப்பு மிக நன்று.'"

படித்துவிட்டு கைப்பிடியைப் பார்த்தார். நூற்றிருபது வீடு இருக்கிற ஊர். பன்னிரண்டு வருடப் பம்பு. கைப்பிடியில் பெயிண்ட் அப்படியே இருந்தது. நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கெம்பம்மாவின் வீட்டுக்கு வழி கேட்டுப் போனார்கள். இவரைக் கண்டதும் அவள் முகம் சுருங்கியது. இருந்தாலும் வந்தவர்களை வாசலில் நிற்க வைக்கிற மனசில்லை.

"உள்ளே வாங்க. குடிக்கத் தண்ணி கொண்டாரட்டுங்களா?"

"நீங்க குடிக்கறதையே குடுங்க," என்றாள் பொற்கொடி.

கெம்பம்மா மூலையில் இருந்த குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். பொற்கொடி குடித்தாள். சொம்பை மாதப்பனிடம் நீட்டினாள். அவரும் குடித்தார். இளநீர் மாதிரி இருந்தது.

"இது எங்கேர்ந்தும்மா?" என்று கேட்டார் அவர்.

"கொய்யாத்தோட்டத்து போருங்க சார். ஒரு கிலோமீட்டரு. ஊரே அங்கதான் புடிக்கும்."

"பம்புத் தண்ணி?"

"அதையா? ஐயோ, அது எப்பவாச்சும் துணிக்கும் மாட்டுக்கும்தாங்க. அதுல பருப்பு வேகாது சார். காப்பி வெச்சாக்கூட ஒரு மாதிரி திரிஞ்சு போகும்."

"மூணு வருஷமா நான் வர்றப்ப ஏம்மா சொல்லல?"

கெம்பம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கேக்கலிங்களே சார். வந்தீங்க, பத்து நிமிசம் அடிச்சுக் கீழ கொட்டினீங்க, பாட்டில்ல புடிச்சீங்க, போயிட்டீங்க. பெரிய ஆபீசருங்க, எல்லாம் தெரிஞ்சுதான் செய்வாங்கன்னு இருந்தோம்."

மாதப்பன் பையிலிருந்து ஆய்வுக்கூட பாட்டிலை எடுத்தார். குடத்திலிருந்து மொண்டு கழுவி, வாசலில் கொட்டப் போனார். கெம்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"சார், சார்! அது தலையில வெச்சுத் தூக்கியாந்தது. கொட்டாதீங்க!"

அவர் கை நின்றது. பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற வாளி இருந்தது. மூன்று தடவை கழுவிய தண்ணீரையும் சிந்தாமல் அதில் ஊற்றினார். பிறகு பாட்டிலை நிரப்பி, மூடி, சீல் வைத்தார். சின்னவள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அவர் செய்வதையே பார்த்தாள். அவர் பார்த்ததும் சிரித்தாள். அரிசி மாதிரி பால் பல்லு.

கதவுக்குப் பின்னால் பெரியவள் நின்றிருந்தாள். துப்பட்டா வாயில் இருந்தது. மாதப்பனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று பார்த்தார்.

"நேத்து நான் சொன்னது தப்பும்மா," என்றார். "விளக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

பெரியவள் துப்பட்டாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது பொற்கொடி கெம்பம்மாவிடம், "குழாய் வர்ற வரைக்கும் சின்னவளுக்கு அந்தப் பம்புத் தண்ணியையே குடுங்க. எட்டு வயசு வரைக்கும் ஈறுக்குள்ள பல்லு உருவாகிட்டே இருக்கும். ஊருக்கும் சொல்லுங்க," என்றாள்.

"அந்த வாயில வெக்க முடியாத தண்ணியையா?"

"அதையேதான்."

"அப்ப எதுங்க அம்மா நல்ல தண்ணி? எங்களுக்கு ஒண்ணும் புரியலியே!"

பொற்கொடி மாதப்பனைப் பார்த்தாள். அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

அன்று சாயங்காலமே சோதித்தார். சிவப்புச் சாயத்தில் தண்ணீரை விட வேண்டும். ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நிறம் வெளுக்கும். குடத்துத் தண்ணீரை விட்டதும் சிவப்பு வெளிறிப் போனது. மூன்று புள்ளி நான்கு. மறுபடி செய்தார். மூன்று புள்ளி நான்கு.

வெள்ளிக்கிழமை காலை படிவம் எழுத உட்கார்ந்தார். 'நீர் எடுத்த இடம்' என்ற கட்டத்தில் 'அரசுக் கைப்பம்பு எண்' என்று அச்சடித்தே வந்திருந்தது. அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, 'கெம்பம்மா வீட்டுக் குடம். ஊர் முழுதும் குடிப்பது கொய்யாத்தோட்டத்து ஆழ்துளைக் கிணறு' என்று எழுதினார். கீழே, யாரும் எழுதச் சொல்லாமலே, இன்னொரு வரி சேர்த்தார்: 'இதற்கு முன் நான் அனுப்பிய மூன்று முடிவுகளும் பம்பினுடையவை. ஊருடையவை அல்ல.'

பொற்கொடி படித்தாள். ஒரு எழுத்தையும் மாற்றாமல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். ஜீப் டிரைவர் உறையை வாங்கிக்கொண்டு குடிநீர் ஆபீசுக்குப் போனான். நாலு மணிக்கு போன் வந்தது. ஒட்டப்பாறையைப் பட்டியலில் கடைசிப் பேராகச் சேர்த்துவிட்டார்கள்.

மாதப்பன் போனை வைத்தார். சந்தோஷப்பட வேண்டிய ஆள், பாட்டில் அலமாரி முன்னால் போய் நின்றுகொண்டார். மூன்று வருடத்துப் பாட்டில்கள். ஒவ்வொன்றும் மூன்று தடவை கழுவியது. ஒவ்வொன்றிலும் அவர் ஒட்டிய சீட்டு.

"மேடம்."

"சொல்லுங்க."

"அந்தப் பெரிய பொண்ணுக்கு மூணு வருஷம் முன்னாடி பதினொண்ணு. அவளுக்கு அப்பவே நேரம் போயிருக்கும். ஆனா அந்த ஊர்ல அன்னிக்கு நாலு வயசுல எத்தனை குழந்தைங்க இருந்திருக்கும்?"

பொற்கொடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

"நான் எழுதினதெல்லாம் பொய்யா மேடம்?"

அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஒரு புள்ளிகூடப் பொய்யில்ல, மாதப்பன். அந்தப் பம்புக்குப் பல்லு முளைச்சிருந்தா, முத்து முத்தா இருந்திருக்கும்."