மதிலுக்கு எத்தனை பேர்

"அவருக்குப் பயமே இல்ல ஆசான். அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் ததேயு.

ஆசான் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாருக்கு?"

"தனிஸ்லாஸ் முதலாளிக்கு."

ததேயு கடலரசி கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர். கழகத்துக்குப் பணம் போட்டு நடத்துகிறவர் தனிஸ்லாஸ். ஐம்பதைத் தாண்டியவர். ஆசானுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. பெயர் பிலோமி. ஒரு காலத்தில் மாநில அணிக்குக் கோல் காத்தவள். இப்போது கடற்கரை மைதானத்தில் கோல் காக்கப் பழகும் பெண்களுக்குப் பயிற்சி தருகிறாள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது.

வழி தெரியாமல் போன பயிற்சியாளர்கள் அவளைத் தேடி வருவார்கள். அவள் யாருக்கும் அதிகம் பதில் சொன்னதில்லை. ஆனாலும் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"என்ன நடந்தது?" என்றாள்.

ததேயு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். தோற்றால் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். வெளியிலிருந்து ஆட்டக்காரரை எடுக்க நாளை மாலையோடு நேரம் முடிகிறது. ததேயு ஒரு தடுப்பாட்டக்காரனைக் கேட்டிருந்தார். கானா நாட்டுக்காரன். கோவாவில் ஆடுகிறவன். எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற உயரம்.

நேற்று நிர்வாகக் குழு கூடி முடியாது என்றது. அவனை எடுக்க வேண்டுமென்றால் முதலாளி தன் இரண்டு விசைப்படகுகளில் ஒன்றை அடகு வைக்க வேண்டும்.

"இருக்கிற ஆள வச்சுப் பாரும்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

ததேயு எழுந்து நின்றுவிட்டார். "ஆளு வரணும். இல்லன்னா நான் போறேன்."



முதலாளி கோபப்படவில்லை. குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கழிச்சு மத்தியானம் சொல்லுதேன்" என்றார். டம்ளரில் மிச்சம் இருந்த தேநீரை நிதானமாகக் குடித்தார்.

"அந்த டீயக் குடிச்சாரு பாருங்க ஆசான், அதுலதான் எனக்கு உயிரே போச்சு."

"'போம்'னு சொல்லிட்டாருன்னா?"



அந்தச் சொல்லைத்தான் ததேயு முந்தின நாளிலிருந்து சுமந்து திரிந்தார். மீன் சந்தையிலும் கோயிலிலும் முடி வெட்டும் கடையிலும் எல்லாரும் அவரைக் 'கோச்' என்றே கூப்பிட்டார்கள். மனைவிகூட அப்படித்தான். அந்த ஒரு சொல் கழன்று விழுந்துவிட்டால் மிச்சம் நிற்பது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. முன்பு இருந்த பயிற்சியாளரின் ஓட்டு வீட்டின் மேல், கழகம் தோற்ற ஒரு சாயங்காலம் கல் விழுந்தது. மறு வாரம் அந்த வீட்டில் வேறு ஆட்கள் துணி காயப்போட்டார்கள்.

"அவர எப்படிப் பயப்பட வைக்கிறது?" என்றார் ததேயு. "எனக்கு அத மட்டும் சொல்லுங்க. பயந்தா குடுத்துருவாரு."

ஆசான் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

"கோல்ல போய் நில்லுங்க அண்ணே."

"நானா?"

"நீங்கதான."

போய் நின்றார்.

ஆசான் அறுபது அடி தள்ளிப் பந்தை வைத்தாள்.

இப்படிப் பந்தை வைத்து நேராக அடிக்கும்போது, கோல் காப்பவர் தமக்கு முன்னால் ஆட்களைத் தோளோடு தோள் சேர்த்து நிறுத்திக்கொள்ளலாம். அதை மதில் என்பார்கள். மதிலுக்கு எத்தனை பேர் என்று சொல்வது கோல் காப்பவரின் உரிமை.

"மதிலுக்கு எத்தன பேரு?" என்று கேட்டாள் ஆசான்.

பயிற்சிக்கு வந்த பெண்கள் ஆறு பேர் ஓரமாக நின்றிருந்தார்கள்.

"மூணு."

மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். ஆசான் அடித்தாள். பந்து மதிலின் ஓரத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது.

"எத்தன பேரு?"

"நாலு."

பந்து மறுபடியும் உள்ளே போனது.

"அஞ்சு. அஞ்சு பேரு வேணும்."

கேட்டது கிடைத்தது. பந்தும் உள்ளே போனது.

"ஆசான், கோச் ஒருத்தரே ரெண்டு மதிலு அகலம் இருக்காரு" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். ததேயு சிரிக்கவில்லை.

"ஆறு பேரும் வாங்க" என்றார்.

ஆறு பேரும் வந்தார்கள்.

இப்போது ததேயுவுக்கு முதுகுகள் மட்டும் தெரிந்தன. ஆறு பின்னல்கள். ஆறு வியர்த்த சட்டைகள். பந்து எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆசான் எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. இடது பக்கம் எட்டிப் பார்த்தார். வலது பக்கம் எட்டிப் பார்த்தார்.

கடல் இரைந்தது.

விசில் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

குனிந்து, ஆறு பேரின் கால்களுக்கு நடுவே பந்தைத் தேடினார்.

தொப்பென்று ஒரு சத்தம். அவர் திரும்பியபோது பந்து வலைக்குள் உருண்டுகொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் ஆசான்.

"எங்க பாக்க?"

"இன்னும் வேணுமா?"

"இன்னும் ஒரு ஆளு இருந்தா..." என்று தொடங்கிவிட்டு ததேயு நிறுத்திக்கொண்டார். பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவருக்குக் கோபம் வந்தது.

"நான் கேட்டதுக்கு இதுவா பதிலு? என் பிழைப்பு நாளைக்கு மத்தியானம் முடியப்போகுது. நீங்க விளையாட்டு காட்டுதிய."

ஆசான் மைதானத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தனிஸ்லாஸ் முதலாளி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார். கோலுக்குள் நின்ற ததேயுவைப் பார்த்ததும் அவர் நடை நின்றது.

"ஓஹோ. எனக்கு முன்னாடியே வந்து புகார் குடுத்தாச்சா?"

"நீங்க எதுக்கு வந்தீங்க முதலாளி?" என்றார் ததேயு.

"நான் வந்தது ஆசான்கிட்ட. உம்மகிட்ட இல்ல."

கோயில் மணி அடித்தது. பெண்கள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். மைதானத்தில் மூன்று பேர் மிச்சம். கடலின் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

முதலாளி ஆசானிடம் சொன்னார். ததேயுவுக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னார்.

"இவரு தோத்தா ஒரு ஆளு கேக்காரு. ஜெயிச்சா ரெண்டு ஆளு கேக்காரு. போன வருசம் ஒருத்தன எடுத்துக் குடுத்தேன் பாத்துக்கிடுங்க. வருசம் முழுக்க வெளிய உக்காந்து முந்திரிப்பருப்பு தின்னான். இந்த மனுசனுக்குப் 'போதும்'னு ஒரு வார்த்தையப் படிச்சுக் குடுங்க ஆசான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கோல்ல போய் நில்லுங்க முதலாளி" என்றாள் ஆசான்.

"நானா? எனக்கு வயசு அறுபது."

"பந்துக்கு அது தெரியாது."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். கோலுக்குள் போய் நின்றதும் இரண்டு கம்பங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு அகலமாவே இருக்கும்?" என்றார் மெதுவாக.

"மதிலுக்கு எத்தன பேரு?" என்று கேட்டாள் ஆசான்.

"இங்க இவரு ஒருத்தருதான இருக்காரு."

ததேயு வந்து நின்றார். ஆசான் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள்.

"பொறுங்க, பொறுங்க" என்று முதலாளி கத்தினார். "ஒத்த ஆளு எப்படிக் காணும்? இன்னும் ரெண்டு பேரு வேணும்!"

"இருக்கிற ஆள வச்சுப் பாருங்க முதலாளி" என்றார் ததேயு.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவருக்கு உறைத்தது.

ஆசான் ஓடி வந்து அடித்தாள்.

ததேயு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பிவிட்டார். பந்து அவர் காதை உரசிப் போய் முதலாளியின் வயிற்றில் பட்டு உள்ளே விழுந்தது.

"யம்மா!" என்றார் முதலாளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஏம்வே திரும்பினீரு? நீரு மதிலா, கதவா?"

"நீங்க இங்க வந்து நின்னு பாருங்க. பெறவு பேசுங்க."

"நீரு இங்க வந்து நின்னு பாரும்வே!"

"நான் நின்னாச்சு."

ஆசான் பந்தை மறுபடி வைத்தாள். இந்த முறை இன்னும் தூரமாகப் பின்னால் போனாள். போய் நின்றாள். ஓடி வரவில்லை.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. காற்று கடலிலிருந்து திரும்பி வீசியது. ததேயுவின் பாதங்கள் மணலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சில் வைத்தார். பிறகு அடிவயிற்றுக்குக் கீழே கொண்டுபோனார்.

கோலுக்குள் நின்றபோது பந்து தெரியாத பயம் இருந்தது. இப்போது பந்து தெரிந்தது. அந்தப் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தார். போகவில்லை. இடம்தான் மாறியிருந்தது.

ஆசான் அசையாமல் நின்றாள்.

"ததேயு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் முதலாளி இல்லை.

"ம்."

"எனக்கு ஒண்ணும் தெரியல்ல. நீரு மறைக்கீரு."

"நகரட்டுமா?"

"நகராதயும்! நகந்தா இதவிட மோசம்."

"பெறவு என்ன செய்ய?"

"முன்னால என்ன நடக்குன்னு சொல்லும். அது போதும்."

ததேயு பந்தைப் பார்த்தார்.

"பந்து கொஞ்சம் இடது பக்கமா இருக்கு."

"சரி."

"ஆசான் இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்காங்க."

"சரி."

"காத்து நம்ம பக்கம் அடிக்கு. பந்து நெனச்சதவிட வேகமா வரும்."

"சரி. பெறவு?"

"பெறவு ஒண்ணும் இல்ல."

"இருக்கும்வே. சொல்லும்."

திரும்பாமல் பேசுவது ததேயுவுக்கு எளிதாக இருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"அந்தக் கானாக்காரன் வந்தாலும் நாம தோத்துருவோம் முதலாளி."

அலை ஒன்று வந்து போனது.

"எப்ப தெரிஞ்சுது?"

"கேக்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா என் படக அடகு வைக்கச் சொன்னீரு?"

"அவன் வந்து தோத்தா, அவனாலன்னு சொல்லலாம். வராம தோத்தா... உங்களாலன்னு சொல்லலாம்."

இனி அடி பின்னாலிருந்துதான் வரும் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவ்வளவு நேரத்தில் அவர் பந்தை மறந்துபோனது அப்போதுதான்.



"நேத்து நீரு போறேன்னு சொன்னீரே" என்றது குரல். "அப்ப என் கை நடுங்கிச்சு. டம்ளரக் கீழ வச்சா எல்லாரும் பாத்துருவாங்க. அதான் குடிச்சுக்கிட்டே இருந்தேன். டீ தீந்த பெறவும் குடிச்சேன்."

ததேயு அசையவில்லை.

"நீரு போயிட்டா ஊரு யாரப் பாக்கும்? நீரு நின்னு தோத்தா, 'கோச் சரியில்ல'ம்பான். எனக்கும் ஒரு ஆளு முன்னால நிக்கணும்லா?"

மணலில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக நெருங்கியது. முதலாளி ததேயுவின் பக்கத்தில் வந்து நின்றார். தோளோடு தோள் முட்டியது. அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"கோல்ல யாரு நிக்கா?" என்றார் ததேயு.

"யாரும் இல்ல."

முதலாளி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். ஆசானைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார்.

"பந்து பெரிசாத்தான் இருக்கு, இங்கேருந்து பாத்தா."

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை வலது பக்கம் யார நிறுத்தப் போறீரு?"

ததேயு திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் கேட்காத கேள்வி அது.

"ஜெபமாலை மகன் விமல. முழங்கால் கொஞ்சம் சரியில்ல."

"ஓடுவானா?"

"முதல் பாதி ஓடுவான்."

"ரெண்டாவது பாதிக்கு?"

"அதத்தான் யோசிக்கேன்."

ஆசான் விசிலை ஊதினாள். ஓடி வரவில்லை. நடந்து வந்தாள். உள்ளங்காலால் பந்தை மெல்லத் தள்ளிவிட்டாள்.

பந்து ஈர மணலில் உருண்டு வந்தது. இருவரையும் தாண்டிப் போனது. காலி கோலுக்குள் நுழைந்து, வலையைத் தொட்டு, நின்றது.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி" என்றார் முதலாளி. "இடது பக்கம்?"