ஒற்றை விரலால் காட்டிய இடம்

கோவில்பட்டி பைபாஸில் ஒரு புரோட்டாக் கடை. அங்கே மாஸ்டர் இருதயராஜுக்கு வயசு இருபத்தெட்டு. அவரிடம் தொழில் கற்க வந்த சங்கரவேலுக்கு நாற்பத்தொன்று. லாரியை விட்டு இறங்கி வந்தவர். பெரியவர் சின்னவரை ‘மாஸ்டர்’ என்பார். சின்னவர் பெரியவரை ‘அண்ணே’ என்பார்.

வெள்ளிக்கிழமை புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே புரோட்டாக் கல்லில் தனியாக நிற்கப்போவது யார் என்று மாஸ்டர்தான் சொல்ல வேண்டும். மத்தியானம் மூன்று மணி, கடையில் ஆளில்லை. சங்கரவேல் மெல்லக் கேட்டார்.

“மாஸ்டர், நான் நிக்கலாமா?”

மாஸ்டர் வாளியிலிருந்து ஈரத்துணியை எடுத்து நீட்டினார்.

“பிழிங்கண்ணே.”

“துணி துவைக்கவா என்னைக் கிளைக்கு அனுப்பப்போறீங்க?”

சிரித்தபடியே வாங்கி முறுக்கினார். முழங்கையின் வெளிப்பக்கம் கம்பி இழுத்த மாதிரி சுருக்கென்று ஒன்று கிளம்பி, மணிக்கட்டு வரை ஓடியது. சிரிப்பு நின்றுவிட்டது. துணியில் தண்ணீர் அப்படியே இருந்தது.

“வலிக்குதா?”

“மாவடிச்ச அலுப்பு மாஸ்டர். படுத்து எந்திரிச்சாப் போயிடும்.”

“போச்சா?”

காலையில் வீட்டில் தண்ணீர்ச் செம்பு கையை விட்டு நழுவியதைச் சங்கரவேல் யாரிடமும் சொல்லவில்லை.

“வீக்கம்?”

“ஒண்ணுமில்ல. பாருங்க, மடக்குறேன், நீட்டுறேன். சும்மா இருந்தா இருக்கிற இடமே தெரியல.”

“எந்த இடம்?”

சங்கரவேல் முழங்கையின் வெளிமேட்டைத் தொட்டுக் காட்டினார்.

“அலுப்புன்னா உள்ளங்கையால கை முழுக்கத் தடவிக் காட்டுவீங்க. நீங்க ஒத்தை விரலை வைக்கிறீங்க.”

சங்கரவேல் விரலை எடுத்துக்கொண்டார்.

“எப்பக் கண்டுபிடிச்சீங்க?”

“திங்கக்கிழமை. உங்க டீ கிளாஸ் இடது கைக்கு மாறுச்சு. நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டுங்க.”

“அப்ப வெள்ளிக்கிழமை கல்லு எனக்கில்ல.” குரல் இறங்கிவிட்டது. “இந்தக் கையோட லாரிக்கும் திரும்ப முடியாது மாஸ்டர்.”

மாஸ்டர் அப்போதுதான் பிசைந்து வைத்த மாவில் ஓர் உருண்டையைக் கிள்ளி, மேடையில் விசிறி அடித்தார். கிழிந்தது.

“இதுக்கு என்னாச்சு?”

“ஊறல.”

“தூர எறிஞ்சிரவா?”

“ஐயையோ, எதுக்கு? மூடி வெச்சாத் தன்னால வந்திரும்.”

“எவ்வளவு நேரம்?”

“அதை நாம சொல்ல முடியாது. மாவு சொல்லும்.”

மாஸ்டர் அந்தத் துணியை வாங்கித் தானே பிழிந்து, உருண்டையின் மேல் போர்த்தினார்.

“நேத்தே முதலாளிகிட்ட உங்க கையைப் பத்தி அதைத்தான் சொன்னேண்ணே. அதுவரைக்கும் உங்க கல்லுல நான் நிக்கிறேன்.”