ருக்குமணியின் கையும் மூன்று துண்டு பெல்ட்டும்

நான் பெல்ட் விற்கிறவன். கோழிப்பண்ணையில் கூண்டுக்கு முன்னால் ஓடி முட்டையைச் சுமந்து வருமே, அந்த பெல்ட். நாமக்கல் பக்கம் நான் ஏறி இறங்காத பண்ணை கிடையாது. ஆனால் சாம்பிள் துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்த மனிதர் சென்னியப்பன் ஒருவர்தான்.

மூன்று துண்டு கொண்டுபோயிருந்தேன். சணல், நெய்த நைலான், ஓட்டை போட்ட பிளாஸ்டிக். மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தடவினார்.

"இதைவிட மெத்துனு கெடைக்காதுங்களா?"

"இது முட்டைக்குங்க, தலையணைக்கு இல்லீங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் கோபப்படவில்லை. பாலக்காட்டு வியாபாரி முந்தின நாள் சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னார். இன்னும் ஒரு லோடு கீறல் முட்டை வந்தால் லாரி இந்தப் பக்கம் திரும்பாதாம். இருபத்திரண்டு வருஷமாக வருகிற லாரி. அது நின்றால் பண்ணையை மூட வேண்டியதுதான்.

"என் சம்சாரம் இருந்தவரைக்கும் கையாலதானுங்க பொறுக்குனோம். ருக்குமணி எடுத்து ஒரு முட்டை கீறுனதில்லை. அப்படி ஒரு மெத்து அந்தக் கை. அவ போனப்பறம்தான் பெல்ட்டு போட்டேன். அந்தக் கை மாதிரி ஒண்ணு குடுங்க, போதும்."

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. என் கேட்லாக்கில் அப்படி ஒன்று இல்லையே!

"எதுக்கும் எங்க வாத்தியாரம்மாவைக் கேட்டுக்கறேன்" என்று எழுந்தார்.

யாரோ பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்தேன். முட்டை அடுக்கும் அறையிலிருந்து, தலையில் கட்டிய துண்டைச் சரிசெய்துகொண்டு பாவாயி வந்தாள். நாற்பது வயது இருக்கும். ருக்குமணியோடு பதினாறு வருஷம் முட்டை பொறுக்கியவள். கோழி தீனி எடுக்காவிட்டாலும் மோட்டார் முனகினாலும் சென்னியப்பன் கேட்பது அவளைத்தானாம்.

"அம்மிணி, இந்த மூணுல எது?"

அவள் துண்டுகளைத் தொடவே இல்லை. "வாங்க" என்று கூண்டுப் பக்கம் நடந்தாள். மணி பத்து. கோழிகள் முட்டையிடுகிற நேரம், காது அடைத்தது. பெல்ட் ஓடாமல் கிடந்தது.

"கையை இதும்மேல வைங்க மொதலாளி. நாஞ் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு முட்டை சரிவில் உருண்டு வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சூடு இன்னும் போகலை அம்மிணி! இப்படிப் புடிச்சு எத்தனை வருஷமாச்சு!"

அதைத் தட்டில் வைக்கலாம் என்று கையைத் தூக்கினார்.

"எங்க போறீங்க? உங்க பெல்ட்டு போகுதா?"

கை நின்றது. கால் கடுக்க நாங்களும் நின்றோம். அதே கூண்டிலிருந்த வேறொரு கோழியின் முட்டை உருண்டு வந்து முதல் முட்டையில் இடித்தது. டக்.

பாவாயி முதல் முட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். முடி மாதிரி ஒரு கீறல்.

"அட, என் கையிலயேவா!"

"பெல்ட்டு எப்பெப்பங்க ஓடுது?"

"காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா." இடுப்பிலிருந்த மோட்டார் சாவியைத் தொட்டுக்கொண்டார். அதை அவர் யாரிடமும் தருவதில்லை. "சும்மா சும்மா ஓட்டுனா முட்டை அலுங்குமில்ல? ருக்குமணி அலுங்காமத்தான எடுப்பா."

"அக்கா எத்தனை தடவை சுத்தி வருவாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ எங்க உக்காந்தா! சோத்தைப் போட்டு வெச்சுட்டு, தோ வந்தர்றேன்னு ஓடிருவா. அது ஆறி அவலாப் போயிரும். எத்தனை நாள் திட்டியிருக்கேன், அந்த முட்டை அங்கயேதான் கெடக்கும், அப்பறம் எடுத்தா என்னன்னு..."

உள்ளங்கையிலிருந்த மற்ற முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாவியை அவிழ்த்து பாவாயியிடம் நீட்டினார்.

"ஏன் அம்மிணி, முன்னமே சொல்லலை?"

"எது மெத்துனு இருக்குதுன்னுதானுங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

அவள் மோட்டாரைப் போட்டாள். பெல்ட் ஒரு சாண் நகர்ந்ததும் நிறுத்தினாள். அரைமணிக்கு ஒருக்கா இப்படி நகர்த்தினால் போதுமாம். என் வியாபாரம் போயே போச்சு. துண்டுகளைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

சென்னியப்பனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"இருந்தாலும், அவ கை மெத்துனுதான இருக்கும் அம்மிணி?"

பாவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா கையிங்களா? கூண்டுக் கம்பி கிழிச்சுக் கிழிச்சுக் காய்ச்சுப்போயி, உப்புத்தாள் மாதிரி இருக்கும் மொதலாளி. நீங்க ஒருநாளும் புடிச்சுப் பாத்ததில்லீங்களா?"